அப்பாவுக்கும் வேலை இல்லை, பிள்ளைக்கும் இல்லை: வேலையின்மை பரம்பரையாக வருமா?

"அப்பனும் உருப்படியா ஒரு வேலைக்குப் போனதில்ல, பிள்ளையும் அதே மாதிரி" என்று யாரைப் பற்றியாவது யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்கிற தொனியிலேயே தீர்ப்பும் இருக்கும். சோம்பேறித்தனம் அந்த வீட்டில் ஊறிப்போனது, பார்த்து வளர்ந்ததைத்தானே பிள்ளை செய்யும் என்பார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஒரு பழமொழியும் கைவசம் தயாராக இருக்கிறது. டீக்கடையில் இது வெறும் பேச்சு. இதே எண்ணம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு வந்துவிட்டால், ஏழைகளுக்குப் போகிற உதவித்தொகையை வெட்டுவதற்கு நல்ல சாக்காகிவிடும்.

பிரிட்டனில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று. "மூன்று தலைமுறையாக ஒருவர்கூட வேலைக்குப் போகாத குடும்பங்கள்" என்ற பேச்சு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. தாத்தா அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார், அப்பாவும் அப்படியே, பேரனுக்கோ காலையில் எழுந்து வேலைக்குப் போவது என்றால் என்னவென்றே தெரியாது என்பது கதை. சரி, அப்படி ஒரு குடும்பத்தையாவது நேரில் பார்த்துவிடுவோம் என்று டிரேசி ஷில்ட்ரிக், ராபர்ட் மெக்டொனால்ட் முதலிய சமூகவியல் ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. தேடுவதற்குத் தேர்ந்தெடுத்த ஊர்கள் கிளாஸ்கோவும் மிடில்ஸ்பரோவும். ஒன்று கப்பல் கட்டிப் பேர் வாங்கிய ஊர், மற்றது இரும்பும் எஃகும் வார்த்த ஊர். 1970, 80-களில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது அடி வாங்கிய ஊர்கள் இவை. மூன்று தலைமுறை கதை எங்காவது உண்மையாக இருந்தால், இந்த ஊர்களின் மிக ஏழ்மையான தெருக்களில் அல்லவா இருக்க வேண்டும்?

மாதக்கணக்கில் தேடினார்கள். ஒரு குடும்பம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் நிபந்தனையைத் தளர்த்தி, பெற்றோர், பிள்ளை என இரண்டு தலைமுறையிலும் நீண்ட காலம் வேலையில்லாமல் இருப்பவர்கள் கிடைத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அப்படிக் கிடைத்த 20 குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி 2012-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் வேலை வேண்டாம் என்று சொல்லி வளர்க்கவில்லை. தங்கள் கதி பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்றுதான் தவித்தார்கள். பிள்ளைகளும் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வீடுகளில் உண்மையில் இருந்தவை நாள்பட்ட நோய், போதைப் பழக்கம், குடும்ப வன்முறை, பாதியில் நின்ற படிப்பு. இதில் ஒன்று இருந்தாலே சமாளிப்பது கஷ்டம். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் இருந்தன.

லிண்ட்சி மக்மிலன் என்ற பொருளியல் ஆய்வாளர் இதையே எண்ணிக்கையில் பார்த்தார். வேலை செய்யும் வயதில் இரண்டு தலைமுறையினர் சேர்ந்து வாழும் வீடுகளில், இரண்டு தலைமுறையும் ஒருநாள்கூட வேலை பார்க்காதவை ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. அந்தக் கொஞ்ச வீடுகளிலும் கணிசமானவற்றில் பிள்ளை படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. நேற்றுப் படிப்பை முடித்த பையனைப் பரம்பரைச் சோம்பேறிக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது

அப்படியென்றால் எல்லாம் கட்டுக்கதையா? இல்லை. "ஒருபோதும் வேலையே பார்க்காதவர்" என்ற தீவிரமான வடிவம்தான் கட்டுக்கதை. சாதாரண வடிவத்தில், அதாவது வேலை போவது, கிடைப்பது, மறுபடி போவது என்ற வாழ்க்கையில், அப்பாவுக்கும் மகனுக்கும் ஒற்றுமை உண்டு.

இதை அறிய பிரிட்டனில் அருமையான ஒரு தரவு இருக்கிறது. 1958 மார்ச்சில் குறிப்பிட்ட ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து வருகிறார்கள். பள்ளியில் எப்படிப் படித்தார்கள், அப்பா என்ன வேலை பார்த்தார், பிறகு இவர்களுக்கு எப்போது வேலை கிடைத்தது, எப்போது போனது என்று எல்லாம் அதில் இருக்கும். 1970 ஏப்ரலில் ஒரு வாரத்தில் பிறந்தவர்களுக்கும் அதே போல ஒரு பதிவு உண்டு. இவற்றை வைத்து மக்மிலன் கணக்கிட்டபோது, வேலையில்லாத அப்பாக்களின் மகன்கள், வேலையில் இருந்த அப்பாக்களின் மகன்களைவிட இளமைக் காலத்தில் 8 முதல் 11 சதவீதம் அதிக நேரம் வேலையில்லாமல் இருந்தது தெரிந்தது.

ஒற்றுமை நிஜம் என்று ஆகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அப்பாவும் மகனும் நனைந்து நிற்கிறார்கள் என்றால், அப்பாவின் ஈரம் மகனுக்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்வோமா? ஒரே மழை இருவர் மேலும் பெய்திருக்கலாமே. ஒரே ஊர், ஒரே மூடிய ஆலை, ஒரே மாதிரிப் பள்ளி, ஒரே வறுமை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவது வேறு, ஒன்றால் மற்றது வருவது வேறு. புள்ளிவிவரம் படிக்கிற எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லப்படும் பாடம் இது. எல்லோரும் மறக்கிற பாடமும் இதுதான்.

மழையையும் ஈரத்தையும் எப்படிப் பிரிப்பது?

மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய முடியாது. பாதி அப்பாக்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, இருபது வருஷம் காத்திருந்து பிள்ளைகளைப் பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால் ஆய்வாளர்கள் சில குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

முதல் வழி, காலத்தைத் திருப்பிப் பார்ப்பது. மகன் வளர்ந்து சொந்தக் காலில் நின்ற பிறகு அப்பாவுக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மகனின் வளர்ப்பைப் பாதித்திருக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களிலும் அப்பா, மகன் ஒற்றுமை அதே அளவுக்குத் தெரிந்தால், ஒற்றுமைக்குக் காரணம் வளர்ப்பு இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று ஆகிறது. ஜெர்மனியில் தந்தை, மகன் தரவை வைத்து இந்த முறையிலும் வேறு முறையிலும் பார்த்தார்கள். ஒற்றுமை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அப்பாவின் வேலையின்மைதான் மகனின் வேலையின்மையை உண்டாக்கியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி, கூடப் பிறந்தவர்களை ஒப்பிடுவது. மூத்தவன் வளர்ந்து போன பிறகு அப்பாவுக்கு வேலை போயிற்று, இளையவன் அதற்குள்ளேயே வளர்ந்தான். வீடு ஒன்று, பெற்றோர் ஒன்று, வித்தியாசம் காலத்தில் மட்டும். நார்வேயில் இப்படிப் பார்த்தபோதும் நேரடிக் காரணத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை.

மூன்றாவதுதான் கில்லாடி வழி: ஆலை மூடல். ஒருவருக்கு வேலை போனால் அது அவருடைய குடியாலா, கோபத்தாலா, உடம்பு சரியில்லாததாலா என்று சொல்ல முடியாது. ஒரு ஆலையே மூடும்போது நல்ல தொழிலாளியும் மோசமான தொழிலாளியும் சேர்ந்தேதான் தெருவுக்கு வருகிறார்கள். ஆகவே மூடிய ஆலையில் வேலை பார்த்தவரின் பிள்ளையையும், அதே மாதிரி மூடாத ஆலையில் வேலை பார்த்தவரின் பிள்ளையையும் ஒப்பிட்டால், வேலை போனதின் விளைவு தனியாகத் தெரியும். கனடாவில் 1980-களில் ஆலைகள் மூடியபோது வேலை இழந்தவர்களின் மகன்களைப் பிற்காலத்தில் இப்படிப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆண்டு வருமானம் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவாக இருந்தது. அரசு உதவி வாங்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் இந்த அடி எல்லோருக்கும் சமமாக விழவில்லை. முன்பிருந்தே ஏழையாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்த வீட்டுப் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியும் நார்வேயும் ஒன்று சொல்ல, கனடா வேறு சொல்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எந்த நாடு, எந்தக் காலம், எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. வேலை போனவருக்கு அரசு எவ்வளவு கைகொடுக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. தவிர, வேலையின்மையே மகனுக்கு வருகிறதா என்பது ஒரு கேள்வி, மகனின் சம்பளம் குறைகிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்வது சுலபம், முதலாவதற்கு அவ்வளவு சுலபமில்லை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது

பணம் குறைவதுதான் முதலில் கண்ணுக்குத் தெரிவது. டியூஷன் நிற்கும், வாடகை குறைந்த பகுதிக்கு வீடு மாறும், மேற்படிப்பு தள்ளிப்போகும். ஆனால் பணம் மட்டும் இல்லை என்று நார்வேயின் இன்னொரு ஆய்வு காட்டுகிறது. அப்பா வேலை பார்த்த ஆலை மூடியபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்தது. அந்தச் சரிவை வருமானம் குறைந்ததைக் கொண்டு விளக்க முடியவில்லை. அம்மாவின் ஆலை மூடியபோது மதிப்பெண் குறையவே இல்லை, சற்றுக் கூடியது. வேலை போன அம்மா வீட்டில் பிள்ளையோடு இருக்கிறாள், வேலை போன அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஆண் என்றால் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் நார்வே போன்ற நாட்டிலும் இவ்வளவு பலமாக இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த இடிந்துபோதலை இதுவரை யாரும் மரியன்தால் ஆய்வு அளவுக்குக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வியன்னாவுக்குப் பக்கத்தில், கிராமட்நாய்சீடில் என்ற ஊரை ஒட்டிய மில் தொழிலாளர் குடியிருப்பு அது. ஊருக்கே ஒரே ஒரு நெசவாலை. 1929-30-ல் அது மூடியது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைஸல் என்ற மூன்று இளைஞர்களின் தலைமையில் ஒரு குழு அங்கே போய் எல்லாவற்றையும் குறித்தது. தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்றுகூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். பெண்கள் விரைவாக நடந்தார்கள், அவர்களுக்கு வீட்டு வேலை காத்திருந்தது. ஆண்களுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. நேரம் கொட்டிக் கிடக்கும்போதுதான் படிப்பு நின்றது.

பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள்தான் நம் கேள்விக்கு நெருக்கமானவை. உதவித்தொகை வருவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் பள்ளிக்குப் பிள்ளைகள் என்ன சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று குறித்தார்கள். முந்தைய நாள் பல பேருக்கு வெறும் காய்ந்த ரொட்டி, அல்லது ஒன்றுமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன பரிசு வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். மரியன்தால் பிள்ளைகள் கேட்ட பொருட்களின் விலை, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். "அப்பா அம்மாவிடம் காசு இருந்திருந்தால்" என்கிற பாணியில்தான் பலர் எழுதவே தொடங்கியிருந்தார்கள். அப்பா அவர்களுக்குச் சோம்பலைக் கற்றுக்கொடுக்கவில்லை. எவ்வளவுவரை ஆசைப்படலாம் என்பதை வீட்டைப் பார்த்து அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒன்று: அறிமுகம். கனடாவில் இளைஞர்களில் சுமார் 40 சதவீதம் பேர், அப்பா வேலை பார்த்த அதே நிறுவனத்தில் எப்போதாவது ஒருமுறை வேலை பார்த்திருக்கிறார்கள். "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு வேலையிடமாவது இருக்க வேண்டும் அல்லவா? வேலை போன அப்பாவுக்கு அந்த வாசலும் சேர்ந்தே அடைபடுகிறது. வேலையின்மை தலைமுறை தாண்டுவதைவிட, வேலைதான் தலைமுறை தாண்டுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. அது கிடைக்காத வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிடுகிறான்.

எதிர்த் தரப்பின் பலமான சான்று

பழக்கம் தொற்றும் என்று சொல்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்துவிடக் கூடாது. நார்வேயில் உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு ஓய்வூதியம் தருகிறது. மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதிகளில் சிலர் கண்டிப்பானவர்கள், சிலர் தாராளமானவர்கள். யாருடைய மனு யாரிடம் போகும் என்பது கிட்டத்தட்ட குலுக்கல் மாதிரி. ஆகவே ஒரே மாதிரி நிலைமையில் இருந்த இரண்டு பெற்றோரில் ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, நீதிபதி வேறு என்பதால் மட்டும். டால், கோஸ்டால், மோக்ஸ்டாட் என்ற மூவர் 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, தாராள நீதிபதியால் பெற்றோருக்கு ஓய்வூதியம் கிடைத்த வீடுகளில், பிள்ளைகளும் அதே ஓய்வூதியத்துக்குள் வரும் வாய்ப்பு பத்தாண்டுகளில் 12 சதவீதப் புள்ளிகள் கூடியது.

இது உறுதியான சான்று. மழுப்ப முடியாது. ஆனால் இதைப் படிக்கும்போது இரண்டை நினைவில் வைக்க வேண்டும். இது மேல்முறையீடு வரை போன, எல்லைக்கோட்டில் நின்ற குடும்பங்களைப் பற்றியது. இன்னொன்று, இங்கே தாண்டியது சாதாரண வேலையின்மை இல்லை, ஒரு திட்டத்தைப் பயன்படுத்துவது. எங்கே மனு போடுவது, எந்த மருத்துவச் சான்று வேண்டும் என்பது தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வழி தெரிந்திருக்கும். அதைக் குணக்கேடு என்று அழைக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், இந்த விவாதத்தைத் தீர்க்க மிகவும் உதவுவது மக்மிலனின் கணக்கில் உள்ள இன்னொரு பகுதி. வேலையில்லாத அப்பாவின் மகனுக்கு வருகிற பாதிப்பு ஊருக்கு ஊர் ஒரே அளவில் இல்லை. வேலை அரிதாக இருந்த பகுதிகளில் அது பெரிதாகத் தெரிந்தது. வேலை தாராளமாகக் கிடைத்த பகுதிகளில் அதே மாதிரி மகன்கள் வேலையில்லாமல் இருந்த காலம் வெகுவாகக் குறைந்தது. சோம்பல் ரத்தத்தில் ஊறியது என்றால், பக்கத்தில் ஆலை திறந்ததும் அது எங்கே போய்விடும்?

நம் ஊரில் கேள்வி தலைகீழ்

இதை அப்படியே எடுத்து இந்தியாவுக்குப் பொருத்தினால் சரியாக வராது. இங்கே வேலையில்லாதவர் எல்லோருக்கும் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. கையில் ஒன்றுமில்லாதவர் வேலையில்லாமல் இருக்கவே முடியாது. கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். அரசின் கணக்கெடுப்பில் வேலையில்லாதவர் என்றால், வேலை செய்யத் தயாராக இருந்து, தேடியும் கிடைக்காதவர். தேடிக்கொண்டே இருக்க யாராவது சோறு போட வேண்டும். அதனால்தான் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை விகிதம் பல மடங்கு அதிகமாக வருகிறது.

பொறியியல் முடித்துவிட்டு மூன்றாவது வருஷமாகக் குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். காலையில் நூலகம், மாலையில் கோச்சிங், சாப்பாடு வீட்டில். அவன் காத்திருக்க முடிவதே, பெரும்பாலும் அப்பாவுக்கு நிரந்தர வேலையோ ஓய்வூதியமோ இருப்பதால்தான். இங்கே அப்பாவின் வேலைதான் மகனின் வேலையின்மைக்குச் செலவு செய்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவரின் மகன் அதே வருஷங்களில் டெலிவரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். கணக்கெடுப்பில் அவன் வேலையில் இருப்பவன்.

ஆகவே இந்தியாவில் தலைமுறை தாண்டுவதைத் தேடினால், வேலை இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை என்பதைப் பார்க்க வேண்டும். அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்க வழி உண்டு. கிடைத்தால் வேலை நேராகவே பிள்ளைக்குப் போகிறது. கூலி வேலையும் போகிறது, அதற்கு யாரும் ஆணை எழுத வேண்டியதில்லை. துப்புரவு வேலை எந்தச் சாதிகளின் தலையில் தலைமுறை தலைமுறையாக விழுந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாத விஷயமா? வேலையின்மை விகிதத்தை எத்தனை முறை அளந்தாலும் அது அந்த எண்ணில் வராது.